வேஃபைண்டிங்: ஆற்றுப்படுத்தலா, வழியறிதலா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் எங்கள் தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்கள் அருகிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகளுக்கான (பழங்காலக் கோயில் இடிபாடுகளுக்கான) சின்னங்களையும் வழிப்பலகைகளையும் வரைந்து கண்காட்சி வைக்கிறார்கள். தலைப்புப் பலகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும் என்பதால்தான் ‘வேஃபைண்டிங்’ (wayfinding, ஓர் இடத்தில் வழி கண்டு செல்லுதல்) என்பதற்குத் தமிழ்ச் சொல் இக்குழுமத்தில் கேட்டிருந்தேன்.

தைப்பிங் ஐயா ‘ஆற்றுப்படுத்தல்’ என்றார். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு, வழி சொல்லி அனுப்பும் ஆற்றுப்படையாக இருக்க வேறு சொல் தேடுவது தகாது என்பது அவர் வாதம். தொல்காப்பியரின் ‘ஆற்றிடைக் காட்சி’ தொடங்கி, பெரும்பாணாற்றுப்படையில் இரவுச் சுடரால் கலங்களை அழைக்கும் துறை வரை அவர் எழுதிய மடல்களைச் சேமித்து வைத்திருக்கிறேன். அச்சொல் இலங்கையில் உளவளத்துணைக்கு (கவுன்சலிங்) வழங்குவதை யாழ்ப்பாண நண்பர் நினைவூட்டினார்.

என் தயக்கம் வேறு. ஆற்றுப்படையில் ஒருவன் சொல்கிறான், மற்றவன் கேட்கிறான். நகரத் திட்ட அறிஞர் கெவின் லிஞ்ச் 1960இல் நகரங்களைப் பற்றி எழுதியபோது, நடப்பவர் தம் புலன்களுக்கு எட்டிய அடையாளங்களைக் கோத்துத் தாமே வழி தெளிவதையே ‘வேஃபைண்டிங்’ என்ற சொல்லால் குறித்தார். கடல்வழி வந்த வணிகருக்குக் கடாரம் (இன்றைய கெடா) நெருங்கியதை எந்தப் பலகையும் சொல்லவில்லை; ஜெராய் மலையைக் கண்டு அவர்களே அறிந்தார்கள்.

பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியக வளாகத்திலுள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டி தான் இருந்த இடத்திலேயே மீட்டுக் கட்டப்பட்டது. அதே அருங்காட்சியக வளாகத்தில் நிற்கும் பெண்டியாட் சண்டியோ வேறிடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. இரண்டுக்கும் ஒரே சின்னத்தை இட்டால் வழி காட்டியதாகிவிடும், ஆனால் வந்தவர் அந்த மண்ணைத் தவறாகப் புரிந்துகொண்டு திரும்புவார். எங்கள் மாணவி ஒருத்தி, பெயர்த்து வைத்தவற்றின் சின்னத்தில் மட்டும் அடித்தளத்துக்கும் தரைக்கோட்டுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டிருக்கிறாள். பதினொன்றாம் நூற்றாண்டில் இராசேந்திரன் கடாரத்தின்மேல் படையெடுத்ததை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இந்த வேறுபாட்டை ஒருமுறையும் சொன்னதில்லை. அந்த இடைவெளியைக் கண்டு உணர்பவரின் செயலுக்குப் பெயர் வேண்டும். ஆகவே ‘வழியறிதல்’ என்கிறேன்.

*

தைப்பிங்கிலிருந்து:

அம்மா, உங்கள் மாணவியின் சின்னம் என்னை நெகிழச் செய்தது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆற்றுப்படுத்தும் பாணன் தான் நடந்து மீண்ட வழியையே சொல்கிறான். பலகை வரைபவரும் வெயிலில் அந்த வழியே நடந்து பார்த்த பின்னரே வரைய வேண்டும் என்ற கடமை அச்சொல்லுக்குள் இருக்கிறது. ‘வழியறிதல்’ அந்தக் கடமை முழுவதையும் வருபவர் தலையில் வைத்துவிடுகிறது. குழுமத்தில் பெரும்பாலோர் உங்கள் பக்கம் நிற்பதால் வெள்ளிக்கிழமைக்கு அதுவே அச்சேறட்டும். என் மறுப்பும் இந்த இழையில் இருக்கட்டும்.