நெய்வேலி மின்சாரத்தின் விலையில் எந்த இழப்புகள் சேர்வதில்லை?

கேள்வி – செங்கழனி:
நெய்வேலியில் 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிவந்தது முதல், அதிலிருந்து கிடைக்கும் மின்சாரம் மலிவானது என்றே சொல்லப்படுகிறது. சுரங்கத்தை ஒட்டியே அனல்மின் நிலையங்கள் இருப்பதால் நிலக்கரியைத் தொலைவிலிருந்து ஏற்றி வரும் செலவு இல்லை என்பது உண்மைதான். ஆனால் நிலத்தையும் நிலத்தடி நீரையும் இழந்த ஊர்களின் கணக்கு அந்த யூனிட் விலையில் எங்கே இருக்கிறது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி – ஊற்றுக்கண்:
நீரிலிருந்து தொடங்குகிறேன். நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தம் மிகுந்த ஆர்ட்டீசியன் நீர்த்தேக்கம் உள்ளது. அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்து மேலெழும் என்பதால், சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மோட்டார் இல்லாமலே நீர் பொங்கிய கிணறுகளைக் கண்ட வட்டாரம் அது. இன்று நீர்மட்டம் இறங்க இறங்க, ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்தும் செலவை விவசாயியே தம் கையிலிருந்து கொடுக்கிறார். அது எந்த மின்கட்டணக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மறுமொழி – வடலூர் வாசகர்:
மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சுரங்கத்திலிருந்து வெளியேற்றப்படும் நீர் வாலாஜா ஏரி வழியாகப் பாசனத்துக்குப் பயன்படுகிறது. வேலைவாய்ப்பும் ஒரு நகரமும் உருவாயின. இழப்பை மட்டும் எழுதினால் கணக்கு ஒருதலைப்பட்சமாகிவிடும்.

மறுமொழி – மேல்கரை:
ஐயா, பயன் இருப்பதை யாரும் மறுக்கவில்லை. பயன் ஒருவருக்கும் இழப்பு வேறொருவருக்கும் போவதுதான் சிக்கல். 2023 ஜூலையில், சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றை மாற்றுப் பாதையில் திருப்பும் கால்வாய்க்கென நெய்வேலியை அடுத்த வளையமாதேவி கிராமத்தில் பச்சை நெற்பயிர்மீது இயந்திரங்கள் இறக்கப்பட்டன. பின்னர் உயர்நீதிமன்றத்தில் ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு என்று முடிவானது. அந்த வயலில் நடவும் களையெடுப்பும் செய்து பிழைத்த பெண்களுக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. அவர்களிடம் பட்டா இல்லை.

செங்கழனி:
குத்தகைக்குப் பயிரிடுபவர்களின் நிலை என்ன?

மேல்கரை:
2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், மூன்று ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தோ உழைத்தோ வரும் குத்தகையாளரையும் விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாகவே வரையறுக்கிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டமும் உண்டு. ஆனால் பெயர் ஏறிவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உடைமையாளர் அஞ்சுவதால், பல இடங்களில் குத்தகை வாய்ப்பேச்சாகவே நிற்கிறது. கையகப்படுத்த அதிகாரிகள் வரும் நாளில் காட்டுவதற்குக் குத்தகையாளரிடம் ஒரு தாள்கூட இருப்பதில்லை.