'கிஃப்ட்' வினைச்சொல்லே கிடையாது

பழைய வாத்தியார்:
நகைக்கடை விளம்பரத்தில் 'கிஃப்ட் ஹெர் எ நெக்லஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதுவே எரிச்சல். நேற்று கரூரான் இங்கே வந்து 'அது நல்ல இங்கிலீஷ்தான்' என்று சான்றிதழ் வேறு கொடுத்திருக்கிறார். கிஃப்ட் பெயர்ச்சொல். வினை வேண்டுமா, கிவ் இருக்கிறது. 'ஹி கேவ் மீ எ வாட்ச்', முடிந்தது. 'கிஃப்டட் மீ' நம்மூரில் முளைத்த களை.

கரூரான்:
நம்மூர்ல முளைச்சதா? ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியைத் திறந்து பாருங்க சார். 16-ம் நூற்றாண்டுலயே வினையா வந்திருக்கு. ஸ்காட்லாந்துல நல்ல புழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பிச்சதே 1600-லதான்.

பழைய வாத்தியார்:
அந்தக் காலத்தில் 'யூ'வுக்குப் பதில் 'தௌ', 'தீ' கூடத்தான் இருந்தது. வீட்டில் அப்படியா பேசுகிறீர்?

கரூரான்:
பேச்சை மாத்தாதீங்க. 'நம்மூரில் முளைத்த களை'ன்னு எழுதினது நீங்கதானே? 16-ம் நூற்றாண்டு.

சுமதி மதுரை:
'கிஃப்டட் சைல்ட்'னு சொல்றோமே சார், அது வினையிலிருந்து வந்ததில்லையா?

பழைய வாத்தியார்:
இல்லை அம்மா. 'டேலண்டட்' என்கிறோம், டேலண்ட் வினையா? 'பியர்டட் மேன்' என்றால் யாராவது அவருக்குத் தாடி வைத்துவிட்டார்களா? பெயர்ச்சொல்லோடு நேராகவே அந்த 'எட்' விகுதி ஒட்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே இதை நடத்தியிருக்கிறேன்.

பத்திர எழுத்தர்:
கிவ் வேற, கிஃப்ட் வேற ஐயா. 'ஐ ஹேவ் கிவன் மை ஹவுஸ்'னு எழுதினா வாடகைக்கா, குத்தகைக்கா, தானமா? 1882 சொத்து மாற்றுச் சட்டம் 122-வது பிரிவைப் பாருங்க. கொடுக்கிறவர் மனசாரக் கொடுக்கணும், பைசா வாங்கக் கூடாது, அவர் உயிரோட இருக்கும்போதே வாங்குறவர் ஏத்துக்கணும். வீடு, நிலம்னா 123-வது பிரிவுப்படி ரெண்டு சாட்சி, பதிவு. இத்தனையும் ஒரே சொல்லுல அடங்கணும்னுதான் 'கிஃப்டட்'னு எழுதுறோம்.

பழைய வாத்தியார்:
நல்லவேளை, சட்டத்தையே கொண்டுவந்தீர். 122-ல் இருப்பது பெயர்ச்சொல். அதே சட்டத்தின் 126-வது பிரிவில் எடுத்துக்காட்டு எப்படித் தொடங்குகிறது? 'ஏ கிவ்ஸ் எ ஃபீல்டு டு பி'. கிவ்ஸ்! நிலத்தையே கிவ் பண்ணியிருக்கிறான். தினமும் கையில் வைத்திருக்கும் சட்டத்தைப் படிக்க மாட்டீரா?

பத்திர எழுத்தர்:
படிச்சுதான் ஐயா பொழைக்கிறோம். நீங்க வந்து ஒரு தானப் பத்திரம் எழுதிப் பாருங்க, அப்ப தெரியும்.

கரூரான்:
16-ம் நூற்றாண்டுக்கு இன்னும் பதில் வரலை. இன்னொண்ணு சொல்றேன். அமெரிக்காவுல 'டொனேட்'ங்கிற வினையையும் இப்படித்தான் திட்டினாங்க. ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட்ங்கிற விமர்சகர் 1870-ல வந்த புத்தகத்துல அருவருப்பான சொல்லுன்னே எழுதினார். இன்னிக்கு நீங்க 'டொனேட் பிளட்' பேனருக்குக் கீழ நின்னு எடுத்த போட்டோவைத்தான் முகப்புல வச்சிருக்கீங்க.

பழைய வாத்தியார்:
என் படத்தை ஏன் இழுக்கிறீர்? ரத்தம் கொடுத்தவனைக் கிண்டல் செய்வதுதான் வாதமா? டொனேட்டுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. 'டொனேட் எ புக் டு தி லைப்ரரி' என்றுதான் வரும், 'டொனேட் மீ எ புக்' வராது. உம்முடைய கிஃப்டுக்கு அப்படி என்ன ஒழுங்கு?

புதுவை இளவல்:
இரவல் மொழிக்கு ஏன் இந்த அடிதடி? தொல்காப்பியர் ஈ, தா, கொடு என்று பிரித்து வைத்துவிட்டுப் போனார். தாழ்ந்தவனுக்குக் கொடுத்தால் ஈ, சமமானவனுக்குத் தா.

பழைய வாத்தியார்:
அதையும் தப்பாகச் சொல்கிறீர் தம்பி. அது கொடுப்பவரைப் பற்றியதே அல்ல, கேட்பவரைப் பற்றியது. 'ஈ என் கிளவி இழிந்தோன் கூற்றே.' தாழ்ந்தவன் 'ஈ' என்று கேட்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான்.

புதுவை இளவல்:
ஆங்கில வாத்தியாரிடம் தமிழ் இலக்கணம் படிக்கும் நிலைமை எனக்கு இன்னும் வரவில்லை.

பழைய வாத்தியார்:
நூற்பாவைப் படித்துவிட்டு வாரும், பேசலாம்.

சுமதி மதுரை:
'ரீகிஃப்ட்'னு அமெரிக்க டிவி தொடர்ல 1995-லயே பேசினாங்களே? அதுவும் கிஃப்ட்ல இருந்து வந்த வினைதானே?

பழைய வாத்தியார்:
டிவிக்காரர்களிடம் இலக்கணம் கேட்கச் சொல்கிறீர்களா அம்மா?

கரூரான்:
போன மாசம் 'ரிவர்ட்' சண்டையிலயும் இதே கதைதான். அகராதியைக் காட்டினா ரத்த தானம், தொல்காப்பியம்னு ஓடிடுவீங்க. 16-ம் நூற்றாண்டா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

பழைய வாத்தியார்:
ரிவர்ட்டிலும் நான் சொன்னதுதான் சரி. அது திரும்பிப் போவது, பதில் போடுவது அல்ல. இதிலும் நான் சொன்னதுதான் சரி. நாளைக்கு அந்தக் கடைக்கே நேரில் போய்ப் பலகையைத் திருத்தச் சொல்கிறேன்.

கரூரான்:
தாராளமா போங்க. எந்த அகராதியைக் காட்டுவீங்கன்னு மட்டும் இங்க எழுதிட்டுப் போங்க.