ஏழாவது எபிசோடுக்கு அப்புறம்

குழு: பாட்டி வீட்டுப் பிள்ளைகள்
சனிக்கிழமை இரவு

கவின் (9:12): கார்த்தி அண்ணா, நீங்கள் சொன்னீர்கள் என்று மார்வெலின் சூப்பர் ஹீரோ தொடர் லூக் கேஜ் ஆரம்பித்தேன். 7 எபிசோடு ஒரே மூச்சில் போனது. அப்புறம் 8, 9 பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை. வேறு ஏதோ தொடரைப் பார்ப்பது போல இருக்கிறது.

கார்த்தி (9:14): வில்லன் காட்டன்மவுத் போனதால்தானே?

கவின் (9:14): ஆமாம் அண்ணா!

பவித்ரா (9:15): டேய், பார்க்காதவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறோம். கதையைச் சொல்லிவிடாதீர்கள்.

கார்த்தி (9:15): அக்கா, 2016-இல் வந்தது. நீ பார்க்கப் போகிறாயா?

பவித்ரா (9:16): இல்லை. சரி, சொல்லு.

கார்த்தி (9:24): மஹெர்ஷலா அலி காட்டன்மவுத்தாகவே வாழ்ந்திருப்பார். கிளப்பின் மாடி அறையில் நிற்பார். பின்னால் சுவரில் கிரீடம் வைத்த ராப் பாடகர் பிக்கியின் பெரிய படம். ஒரு காட்சியில் அந்தக் கிரீடம் இவர் தலையில் உட்கார்ந்த மாதிரியே தெரியும். பாப்பின் முடிதிருத்தும் கடையைச் சுட்டவன் தன் ஆள்தான் என்றாலும் கூரையிலிருந்து தூக்கிப் போட்டுவிடுவார், ஏனென்றால் பாப் அவருக்கும் வேண்டியவர். ஏழாவது எபிசோடில்தான் அவருடைய சின்ன வயது வருகிறது. நன்றாகப் பியானோ வாசிக்கிற பையன், இசையோடு போயிருக்க வேண்டியவன். பாட்டி மேபல் அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிடுகிறாள். இவரை இப்போதுதான் புரிந்துகொண்டோம் என்று நாம் நிமிர்ந்து உட்கார்கிறோம், அதே எபிசோடு முடிவில் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரி மரியா அவரைக் கொன்றுவிடுகிறாள். மொத்தம் 13. மீதி 6 எபிசோடு யாரை நம்பி ஓடும்?

கவின் (9:26): அடுத்த வில்லன் டைமண்ட்பேக் வருகிறானே என்று பார்த்தால், பைபிள் வசனமாகச் சொல்கிறான். லூக் மேல் அவனுக்கு எவ்வளவு கோபம் என்று அவனே வாயால் சொல்கிறான். அந்தக் கோபம் வளர்ந்ததை நாம் கூட இருந்து பார்க்கவில்லை.

முத்து மாமா (9:29): மாப்பிள்ளைகளா, 13-க்கே இப்படியா? நான் ஃபிளாஷ் தொடரின் முதல் சீசன் 23 எபிசோடும் வாரம் ஒன்றாகப் பார்த்தவன்.

பவித்ரா (9:30): மாமா, அதில் நடுவில் வருவதெல்லாம் இந்த வாரம் ஒரு வில்லன், அடுத்த வாரம் ஒரு வில்லன் என்று ஓட்டுவதுதானே?

முத்து மாமா (9:38): ஓட்டுவதுதான் பவி. ஆனால் முதல் எபிசோடு கடைசியில் என்ன செய்தான் பார். ஹீரோ பேரிக்கு வழிகாட்டுகிற, சக்கர நாற்காலியில் இருந்த வெல்ஸ் எழுந்து நடந்து ஒரு ரகசிய அறைக்குப் போகிறான். அங்கே 2024 என்று எதிர்காலத் தேதி போட்ட செய்தித்தாள். அது பேரிக்குத் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். அதற்கப்புறம் அந்த ஆள் பேரியிடம் அன்பாகப் பேசும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு கலங்கும். அதனால் 23-உம் நீளமாகத் தெரியவில்லை. கடைசி எபிசோடில் பேரி அம்மாவைக் காப்பாற்றக் காலத்தில் பின்னால் போகிறான். போயும் காப்பாற்றவில்லை. உயிர் போகிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறான். உங்கள் பாட்டி காலமான வருடம் அதைப் பார்த்தேன். அதற்குமேல் எழுத வரவில்லை.

செல்வி சித்தி (9:40): அண்ணா…

கார்த்தி (9:42): மாமா, அந்தக் காட்சிக்கு நானும் அழுதிருக்கிறேன்.

முத்து மாமா (9:45): 2-ஆவது சீசனில் வேகமாக ஓடுகிற இன்னொரு வில்லன், 3-ஆவதில் இன்னும் ஒருவன். முகமூடியைக் கழற்றினால் யார் என்பதற்காக மட்டும் காத்திருக்க வைத்தார்கள். மொத்தம் 9 சீசன், 184 எபிசோடு. நான் 4-ஆவதோடு விட்டுவிட்டேன்.

செல்வி சித்தி (9:47): நான் ஒன்று சொல்கிறேன். இவன் டேர்டெவில் தொடரின் முதல் சீசன் போடும்போது நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். அதுவும் 13-தான். எனக்கு எங்கேயும் இழுத்ததாகத் தோன்றவில்லை.

கவின் (9:48): அம்மா அதில் வரும் வில்லன் ஃபிஸ்க் கட்சி.

செல்வி சித்தி (9:58): கட்சி எல்லாம் இல்லை. அந்த 8-ஆவது எபிசோடை மறக்க முடியவில்லை. காலையில் எழுந்து தனியாக ஆம்லெட் போடுகிறான். வெங்காயத்தாள் மாதிரி ஏதோ பச்சையாகப் பொடிப்பொடியாக நறுக்குகிறான். பேச்சே இல்லை, இசை மட்டும். கோட்டு எடுக்கிறான், சட்டைக் கைக்குப் போடுகிற பட்டன் எடுக்கிறான். கண்ணாடியைப் பார்த்தால் முகமெல்லாம் ரத்தத்தோடு ஒரு சின்னப் பையன் நிற்கிறான். அவன்தான் இவன். அப்பா அவனைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்துவிட்டு அம்மாவை பெல்ட்டால் அடிக்கிறான், பையன் சுத்தியலை எடுத்துவிடுகிறான். முதலில் அவன் வெறும் வெள்ளையாக இருக்கிற ஒரு ஓவியத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பானே, அது அந்தச் சுவர்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது. கடைசியில் காதலி வனெஸா வேறு கோட்டு, வேறு பட்டன் எடுத்துக் கொடுக்கிறாள். அன்றைக்குக் கண்ணாடியில் பெரியவனாகத் தெரிகிறான்.

கார்த்தி (10:01): சித்தி, நான் சொல்ல வந்ததே இதுதான். அந்த ஓவியம் 3-ஆவது எபிசோடு கடைசியில் வருகிறது. ஃபிஸ்க் முகத்தையே அப்போதுதான் காட்டுகிறார்கள். அதுவரை அவன் பேரைச் சொல்லவே ஆட்கள் நடுங்குகிறார்கள். 3-இல் போட்ட முடிச்சை 8-இல் அவிழ்க்கிறார்கள், அவிழ்த்த பிறகும் அந்த ஆள் நம்மோடு இருக்கிறான். லூக் கேஜில் அவிழ்த்த கையோடு ஆளை அனுப்பிவிட்டார்கள். எபிசோடு எண்ணிக்கையைக் குறை சொல்லிப் பயனில்லை. லூக், டேர்டெவில் எல்லாம் சேர்ந்து வரும் டிஃபென்டர்ஸ் 8-தான், அதிலேயே 4 ஹீரோக்களும் ஒன்று சேர 3-ஆவது முடிய வேண்டியிருந்தது.

பவித்ரா (10:09): குறைத்தாலும் கஷ்டம்தான். மிஸ் மார்வெல் வெறும் 6. நாயகி கமலாவின் அம்மா முனீபா, அந்த வீடு, கல்யாணக் கலகலப்பு எல்லாம் எனக்கு அவ்வளவு பிடித்தது. 5-ஆவதில் 1947 பிரிவினை ரயில் நிலையம். கூட்டத்தில் தொலைந்த குழந்தையை நட்சத்திரங்கள் மாதிரி ஒரு வெளிச்சம் அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று அந்த வீட்டில் காலங்காலமாகச் சொல்லும் கதை. அந்த வெளிச்சத்தைக் காட்டியதே காலத்தில் பின்னால் போன கமலாதான் என்று தெரியும்போது தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் அதே எபிசோடில் வில்லி நஜ்மா என்ன ஆனாள்? பெற்ற மகனையே விட்டுவிட்டு வந்தவள், கமலா அவன் பேரைச் சொன்னதும் மனம் மாறி உயிரையே கொடுக்கிறாள். அவள் மனதுக்குள் என்ன இருந்தது என்று காட்ட ஒரு எபிசோடு இருந்திருந்தால் அதற்கும் அழுதிருப்பேன்.

கவின் (10:11): அக்கா, கமலாவின் அப்பா யூசுஃப், டேர்டெவிலின் புதிய தொடரான டேர்டெவில் பார்ன் அகெய்னில் வருகிறார், தெரியுமா? 5-ஆவது எபிசோடில். பேங்க்கில் வேலை பார்க்கிறார், அங்கே கொள்ளை நடக்கிறது.

பவித்ரா (10:11): அப்படியா! அதற்காகவே பார்க்கிறேன்.

கவின் (10:12): முதல் எபிசோடு மட்டும் தயாராகிக்கொண்டு பாருங்கள். டேர்டெவிலின் நண்பன் ஃபாகியை அப்படிக் கொல்வார்கள் என்று

கவின் (10:12): ஐயோ. அம்மா.

செல்வி சித்தி (10:13): ஃபாகியா?

கார்த்தி (10:13): கவின்!

செல்வி சித்தி (10:16): அவன் ஒரு பாவமும் அறியாத பிள்ளையடா. அவனும் டேர்டெவிலும் ஒரே அறையில் உட்கார்ந்து சண்டை போடுவார்களே, என்னிடம் ஏன் மறைத்தாய் என்று. அப்போது நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தேன்.

கவின் (10:17): மன்னித்துவிடு அம்மா. நீ பார்த்துவிட்டாய் என்று நினைத்துவிட்டேன்.

கார்த்தி (10:25): சித்தி, எனக்கும் அது ஆறவில்லை. முதலில் 18 எபிசோடாக எடுக்க ஆரம்பித்தார்கள். 2023-இல் பாதியில் நிறுத்தி, எழுதும் குழுவை மாற்றி, 2025-இல் 9 எபிசோடாக வெளியிட்டார்கள். முதல் எபிசோடும் கடைசி இரண்டும் பின்னால் எடுத்துச் சேர்த்தவை. நடுவில் வருபவற்றின் நடை வேறாக இருப்பது பார்த்தாலே தெரியும். ஃபாகி போன துக்கத்தோடு மாட், அதாவது டேர்டெவில், இருக்க வேண்டிய இடங்களில் கதை வழக்கு, நீதிமன்றம் என்று வேறு வேலையில் இருக்கிறது. அதுதான் எனக்கு வலித்தது. கொன்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், துக்கத்துக்கு நேரம் கொடுத்திருக்க வேண்டும்.

முத்து மாமா (10:27): சரியாகச் சொன்னாய் மாப்பிள்ளை.

கவின் (10:29): அப்படியானால் லூக் கேஜ் விட்டுவிடலாமா அண்ணா?

கார்த்தி (10:32): விடாதே. முதல் சீசனின் மீதியை எப்படியாவது தாண்டு. 2-ஆவதில் மரியாதான் எல்லாம். காட்டன்மவுத்தைக் கொன்ற அந்தக் கை அவளை எங்கே கொண்டுபோகிறது என்று ஆல்ஃப்ரே வுடார்ட் முகத்திலேயே காட்டுவார். 7-ஆவதில் நடந்ததற்கு அங்கேதான் அர்த்தம் கிடைக்கிறது. ஒரு சீசன் தாமதம், ஆனால் கிடைக்கிறது.

கவின் (10:33): சரி அண்ணா, திங்கள் முதல் 10-இலிருந்து.

செல்வி சித்தி (10:36): கவின், நாளைக்கு மாவு அரைத்து முடித்ததும் டேர்டெவில் 10-ஆவதைப் போடு. ஃபாகி கை துடைக்கிற காகிதத்தில் இரண்டு பேர் பேரையும் எழுதி வக்கீல் அலுவலகப் பலகை மாதிரி வரைவானே, அதைப் பார்க்க வேண்டும். புதியதை அப்புறம் பார்க்கலாம்.