பெங்களூரு பாக்கி: கேஸ் போடறதா, பேசி முடிக்கறதா

குழு: தோட்டத்து வீடு
15 ஜூன் 2025, ஞாயிறு

அண்ணன், காலை 9:12
எல்லாரும் இதைக் கொஞ்சம் பாருங்க. பெங்களூரு பார்ட்டி நேத்து ராத்திரி மெயில் போட்டுருக்கான். நாம பிரிண்ட் போட்டுக் குடுத்ததுக்குத் தர வேண்டிய 18,40,000 பாக்கில 3,20,000 டெபிட் நோட்டாம், அதாவது கழிச்சுக்குவானாம். பிரிண்ட் வாஷ்ல கிராக் ஆயிருச்சாம். மொத்தத்துக்கும் 12 லட்சம் தர்றானாம். ஃபுல் அண்ட் ஃபைனல்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கோணுமாம்.

அண்ணன், 9:13
கடைசி பீஸ் போனது 2024 ஜனவரி. ஒன்றரை வருஷம் கழிச்சு கிராக்கு. அந்த டீ ஷர்ட்டைப் போட்டவன் பழசாக்கித் தூக்கியே எறிஞ்சிருப்பான்.

அண்ணன், 9:13
நான் கேஸ் போடறேன். யாரும் தடுக்காதீங்க.

கோமதி அத்தை, 9:15
[படம்: செம்பருத்திப் பூ, இனிய காலை வணக்கம்]

கோமதி அத்தை, 9:17
ஐயோ சாமி, மேல பாக்காம அனுப்பிட்டேன். என்னாச்சு?

பெரியப்பா, 9:24
எடுத்த உடனே கேஸு கோர்ட்டுன்னு போக வேண்டாம். அங்க இருக்கற மெர்ச்சண்டைசர் என் சம்பந்தி வழில சொந்தம். நான் சொல்லித்தான் நமக்கு ஆர்டர் வந்துச்சு. அதுவும் போக, கேஸ் போடற யூனிட்டுன்னு ஊருக்குள்ள பேர் வாங்கிட்டா நாளைக்கு எவன் பீஸ் குடுப்பான்?

அண்ணன், 9:25
காசு தராம குடுக்கறதுக்கு குடுக்காமயே இருக்கட்டும் பெரியப்பா.

அண்ணி, 9:27
பெரிய மாமாகிட்ட மரியாதையாப் பேசுங்க.

அண்ணன், 9:27
பேசிட்டுத்தான் இருக்கேன்.

சித்தப்பா, 9:31
நூல் கடை வெச்சிருந்தப்ப ஒரு பார்ட்டி மேல கேஸ் போட்டேனே, பெரியண்ணனுக்கு ஞாபகம் இருக்கும். தீர்ப்பு நம்ம பக்கம்தான். கோர்ட் டிகிரி கைல வந்துச்சு. வசூல் பண்ணலாம்னு எக்சிக்யூஷன் பெட்டிஷன் போட்டா அவன் பேர்ல ஒரு சைக்கிள் கூட இல்ல. வீடு சம்சாரத்து பேர்ல, மெஷினெல்லாம் லீஸ்ல. வக்கீலுக்குக் குடுத்ததும் போச்சு.

சித்தப்பா, 9:32
அதனால நாம ஜெயிப்போமான்னு அப்புறம் பாருங்க. அவன்கிட்ட இருக்குதான்னு மொதல்ல பாருங்க.

நான், 9:40
நேத்தே விசாரிச்சேன் சித்தப்பா. நம்ம பக்கத்து எம்பிராய்டரி யூனிட்டுக்கும் பாக்கி வெச்சிருக்காங்க, ஆனா போன மாசம் கூட ஷிப்மெண்ட் போயிருக்கு. ஜிஎஸ்டி ரிட்டர்ன் மாசா மாசம் போட்டுட்டுத்தான் இருக்காங்க, போர்ட்டல்ல தெரியுது. கம்பெனி விவரமெல்லாம் இருக்கற எம்சிஏ சைட்ல பாத்தா பேங்க் கடன் ஒன்னு இருக்கு, கம்பெனி உயிரோடதான் இருக்கு. பணம் இல்லாம இழுக்கறாங்கன்னு எனக்குத் தோணல. நம்மள கடைசி வரிசைல வெச்சிருக்காங்க.

பெரியப்பா, 9:42
வக்கீல் மாமாவைக் கூப்பிடு. அவர் என்ன சொல்றாருன்னு பாப்போம்.

வக்கீல் மாமா, 10:20
படிச்சிட்டேன். கண்ணு, மூணு விஷயம் சொல்லு. பழைய பில்லு எந்தத் தேதி? சிறு தொழில் பதிவு, அந்த உத்யம் எப்ப எடுத்தீங்க? அந்த மெயில்ல அடியிலயோ மேலயோ 'வித்தவுட் பிரிஜுடிஸ்'னு எங்கயாவது இருக்கா?

நான், 10:26
முதல் ரெண்டு பில்லு 2022 ஆகஸ்ட் 8 டெலிவரி, ரெண்டும் சேத்து 4,60,000. அதுக்கப்பறம் வந்த பணமெல்லாம் பில் நம்பர் போட்டே வந்துச்சு மாமா, அதனால இது ரெண்டும் அப்படியே நிக்குது. உத்யம் 2021ல எடுத்தது. மைக்ரோ.

நான், 10:28
மெயில்ல கடைசி வரில 'வித்தவுட் பிரிஜுடிஸ்' இருக்கு.

வக்கீல் மாமா, 10:35
சரி. பாக்கி இருக்குன்னு அவனே எழுதிக் குடுத்திருந்தா நமக்குக் கேஸ் போடற கெடு, அதான் லிமிடேஷன், புதுசா ஆரம்பிக்குதுன்னு சொல்லலாம். 'எங்க உரிமைக்குப் பாதகமில்லாம'ங்கற அந்த ரெண்டு வார்த்தை இருக்கறதால இந்த மெயிலை நம்பி உக்கார வேண்டாம். சரக்கு, வேலை பாக்கிக்கெல்லாம் லிமிடேஷன் மூணு வருஷம். கிரெடிட் நாள் சேத்து தேதியைத் தள்ளலாம்னு வாதம் இருக்கு. அந்த வாதத்துக்கே இடம் வெக்காம டெலிவரி தேதிலயிருந்து கணக்கு வெச்சுக்கோ. ஆகஸ்ட் 7க்குள்ள எங்கயாவது முறைப்படி போட்டாகணும்.

பெரியப்பா, 10:38
அதுக்கு இன்னும் ஒன்றரை மாசத்துக்கு மேல இருக்குதுங்களே.

வக்கீல் மாமா, 10:39
இருக்குங்க பெரிய மச்சான். உங்க சம்பந்தி வீட்டோட பேச இது போதும். அவங்க இழுத்தடிக்க மட்டும் இது பத்தாம இருக்கணும்.

அண்ணன், 10:44
மாமா, போலீஸ்ல சீட்டிங்னு ஒரு கம்ப்ளெயிண்ட் குடுத்தா?

வக்கீல் மாமா, 10:47
வேண்டாம் மாப்ள. ரெண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமாப் பணம் குடுத்துட்டு வந்தவன். ஏமாத்தற எண்ணத்தோடதான் ஆரம்பிச்சான்னு எப்படிச் சொல்லுவ? ஸ்டேஷன்ல சிவில் மேட்டர்னு எழுதி அனுப்பிருவாங்க. வியாபாரப் பாக்கியை கிரிமினல் ஆக்காதீங்கன்னு சுப்ரீம் கோர்ட் திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருக்கு.

அண்ணி, 10:50
என் தம்பி சொல்றான், திவால் கேஸ் பாக்கற என்சிஎல்டில போட்டா பயந்துட்டு உடனே குடுத்துருவாங்களாம்.

வக்கீல் மாமா, 10:53
அது முன்னாடி மா. ஒரு லட்சம் பாக்கி இருந்தாலே போடலாம்னு இருந்துச்சு. 2020 மார்ச்லயிருந்து ஒரு கோடி. நாம அந்தப் பக்கம் போக முடியாது. ஆனா வேற எவனாவது பெரிய கடன்காரன் இவனை அங்க இழுத்து அது அட்மிட் ஆயிட்டா, நம்ம கேஸ் எங்க இருந்தாலும் நின்னுரும். கம்பெனி நல்லா ஓடும்போதே கேக்கணும்னு சொல்றது அதுக்குத்தான்.

நான், 10:58
அப்போ கோர்ட்டா, சமாதானா மாமா?

கோமதி அத்தை, 10:59
சமாதானமாப் போறதுதான் நல்லது கண்ணு.

நான், 11:00
அத்தை, அது சிறு தொழில்காரங்களுக்கான எம்எஸ்எம்இ சமாதான்னு ஒரு போர்ட்டல். அங்கயும் பாக்கிக்கு புகார்தான் போடணும்.

வக்கீல் மாமா, 11:14
சிவில் சைடு மொதல்ல சொல்லிடறேன். 3 லட்சத்துக்கு மேல வியாபார வழக்குன்னா கமர்ஷியல் கோர்ட். அவசர உத்தரவு எதுவும் கேக்கலைன்னா, கேஸ் போடறதுக்கு முன்னாடி மீடியேஷனுக்கு, அதாவது சமரசப் பேச்சுக்கு, போயே ஆகணும். கோர்ட் ஃபீ நம்ம ஊர்ல 3 சதவீதம், 18 லட்சத்துக்கு 54,000. 2017க்கு முன்னாடி ஏழரை சதவீதம், அந்தக் காலத்துல இந்தப் பாக்கிக்கு யோசிக்கவே மாட்டாங்க. அப்பறம் உங்க பர்ச்சேஸ் ஆர்டர்ல, அந்த பிஓல, தகராறுன்னா பெங்களூருல ஆர்பிட்ரேஷன், கோர்ட்டுக்கு வெளிய நடுவர் தீர்ப்புன்னு ஒரு ஷரத்து இருக்குமே?

நான், 11:16
இருக்கு. பின்னாடி பக்கத்துல, பொடி எழுத்துல.

வக்கீல் மாமா, 11:25
அதைக் காட்டி வழக்கை அங்க இழுத்துருவான். நீங்க பெங்களூருக்கு பஸ் ஏறிட்டே இருக்கணும். அதனால சமாதான்ல போடற புகாரை விசாரிக்கற பெசிலிடேஷன் கவுன்சில்தான் உங்களுக்குச் சரி. 2006 எம்எஸ்எம்இ சட்டத்துல, சப்ளை பண்ணவன் எங்க இருக்கானோ அங்கதான் கவுன்சிலுக்கு அதிகாரம். பிஓல வேற என்ன எழுதியிருந்தாலும் இந்தச் சட்டம்தான் மேலன்னு 2022ல மகாகாளி ஃபுட்ஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. உத்யமும் முதல் பில்லுக்கு முன்னாடியே எடுத்திருக்கீங்க, அதுல வம்பு இல்ல.

வக்கீல் மாமா, 11:31
வட்டியையும் பாருங்க. என்ன கிரெடிட் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல போகக் கூடாது. போனா ரிசர்வ் பேங்கோட பேங்க் ரேட்டுல மூணு மடங்கு, மாசா மாசம் கூட்டு வட்டி. போன பிப்ரவரி வரைக்கும் பேங்க் ரேட் 6.75, அப்போ வட்டி 20.25. இப்ப ரேட் குறைஞ்சு 5.75, அப்பவும் 17.25. மூணு வருஷ பில்லுக்கு இதைப் போட்டுப் பாத்தா அவன் 12 லட்சம்னு கேட்டது எவ்வளவு பெரிய தள்ளுபடின்னு தெரியும். கவுன்சில் ஆர்டரை எதுத்துப் போகணும்னா முதல்ல 75 சதவீதத்தைக் கட்டிட்டுத்தான் போக முடியும். சித்தப்பாவோட டிகிரி மாதிரி இது சும்மா கிடக்காது.

சித்தப்பா, 11:33
அன்னைக்கு இதெல்லாம் யாரும் சொல்லலயே.

வக்கீல் மாமா, 11:36
ஒரு விஷயம், கவுன்சில்லயும் உடனே நடந்துராது. சட்டத்துல 90 நாள்னு இருக்கு. நடைமுறைல அதுக்கு மேலயே ஆகும். முதல்ல சமரசப் பேச்சு, அது முறிஞ்சா ஆர்பிட்ரேஷன்.

நான், 11:41
இன்னொன்னும் இருக்கு. 2023-24 பில்லெல்லாம் அவங்க செலவாக் காட்டி வரி கழிக்க முடியாது, நம்ம பாக்கியைக் கட்டற வருஷத்துலதான் முடியும். வருமான வரிச் சட்டம் 43பி எச். நம்ம ஆடிட்டர் சொன்னது. நோட்டீஸ்ல இதையும் ஒரு வரி போடலாம் மாமா, அவங்க ஆடிட்டர் கண்ணுல படட்டும்.

வக்கீல் மாமா, 11:42
போடலாம். நல்ல யோசனை.

வக்கீல் மாமா, 11:44
இப்ப அந்த டெபிட் நோட்டுக்கு வா. அது பொய்யா, கொஞ்சம் நெசமா?

அண்ணன், 11:45
முழுப் பொய்.

நான், 11:49
கொஞ்சம் நெசம். 2023 நவம்பர்ல நேவி ப்ளூ லாட் போச்சுல்ல, மூணாம் நாளே க்யூசி மெயில் வந்துச்சு. 600 பீஸ்ல ரப்பர் பிரிண்ட் கியூரிங் பத்தல. போட்டோவோட அனுப்பியிருந்தாங்க. அதுக்கு 42,000 வரும். மத்த லாட்டுக்கெல்லாம் ஒரு வார்த்தை இல்ல.

அண்ணன், 11:50
அதை நீயே எடுத்துக் குடுப்பியா?

வக்கீல் மாமா, 11:56
குடுக்கறதுதான் நல்லது மாப்ள. டெலிவரியாகி 15 நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபணை சொல்லலைன்னா சரக்கை ஏத்துக்கிட்டதாத்தான் சட்டம் எடுத்துக்கும். அவன் சொன்னது ஒரே ஒரு லாட்டுக்கு. அந்த 42,000ஐ நாமளே கழிச்சு நோட்டீஸ் அனுப்பினா, மிச்ச 2,78,000க்கு அவன் கைல காயிதமே இல்லன்னு ஆயிரும். முழுசும் இல்லைன்னு சாதிச்சா, அந்தப் போட்டோவை எடுத்து வெப்பான், நம்ம மத்த பில்லு மேலயும் சந்தேகம் வரும். எதிர்க்கணக்கு போட அவனுக்கும் அங்க உரிமை இருக்கு.

பெரியப்பா, 12:02
இது நியாயமாப் படுது. இப்படிச் சொன்னா நானும் சம்பந்தி வீட்டுல தலை நிமிந்து பேசலாம்.

அப்பா, 12:10
[குரல் பதிவு, 0:37]

நான், 12:13
வண்டில போறவங்களுக்காக எழுதறேன். அப்பா சொல்றது: ஏப்ரல்ல அவங்க முதலாளி திருப்பூர் வந்தப்ப 4 லட்சத்துக்கு ஒரு செக் குடுத்துட்டுப் போனாராம். ஷிப்மெண்ட் பணம் வந்ததும் நானே சொல்றேன், அதுவரைக்கும் போட வேண்டாம்னாராம். செக் அப்பா டிராயர்லயே இருக்காம்.

அண்ணன், 12:13
அப்பா!!!

அண்ணி, 12:14
மாமாவுக்கு பிரஷர் இருக்கு, கத்தாதீங்க.

வக்கீல் மாமா, 12:15
மச்சான், செக்ல என்ன தேதி?

அப்பா, 12:19
10.04.2025

வக்கீல் மாமா, 12:27
நல்ல வேளை இன்னைக்குச் சொன்னீங்க. செக் மூணு மாசம்தான் செல்லும். ஜூலை முதல் வாரம் தாண்டவே விடக் கூடாது. போட்டு பணம் வந்துருச்சுன்னா சந்தோஷம், 4 லட்சம் குறைஞ்சுது. திரும்பி வந்தா, மெமோ வந்த நாள்லயிருந்து 30 நாளுக்குள்ள நோட்டீஸ், அவனுக்கு 15 நாள் டைம், அதுக்குள்ள கட்டலைன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள செக் பவுன்ஸுக்கான பிரிவு 138ல புகார். ஒவ்வொரு தேதியும் முக்கியம். நம்ம கணக்கு இருக்கற பேங்க் கிளை திருப்பூர்ல இருக்கறதால புகாரும் திருப்பூர் கோர்ட்லதான்.

பெரியப்பா, 12:31
சொல்லாம செக்கைப் போட்டா நல்லா இருக்காதுங்க. அவர் நம்பிக்கைல குடுத்தது.

அப்பா, 12:34
அண்ணன் சொல்றது சரி. சொல்லிட்டுப் போடுவோம்.

அண்ணன், 12:35
சொன்னா கணக்குல பணத்தை எடுத்துருவான்.

வக்கீல் மாமா, 12:38
எடுத்தா எடுக்கட்டும். பணம் இல்லைன்னு திரும்பி வந்தா அது அவனுக்குத்தான் கஷ்டம், கம்பெனியோட அதுல கையெழுத்துப் போட்டவனும் பதில் சொல்லணும். 'வர்ற வெள்ளிக்கிழமை 20ஆம் தேதி செக்கைப் போடறோம்'னு மெயில்ல ஒரே வரி. கோவம் எதுவும் எழுதாதீங்க.

பெரியப்பா, 12:45
அப்ப நான் இன்னைக்கு சாயந்தரமே பேசிடறேன். எவ்வளவுக்குப் பேசட்டும்?

நான், 12:50
18,40,000ல 42,000 போக 17,98,000. வட்டியை விட்டுருவோம், மூணு தவணை. அப்பா, இது சரியா?

அப்பா, 12:55
சரி. ரொம்பக் கெஞ்சினா கொஞ்சம் இறங்கலாம். 16க்குக் கீழ வேண்டாம்.

வக்கீல் மாமா, 12:56
மச்சான், அதை இங்க எழுதாதீங்க. இந்தக் குழுவுல சம்பந்தி வீட்டு ஆள் யாரும் இல்லையே?

கோமதி அத்தை, 12:58
சம்பந்தியம்மா இருந்தாங்க. போன வருஷம் மொய் விஷயத்துல கோவிச்சுட்டு வெளிய போயிட்டாங்க.

வக்கீல் மாமா, 12:58
நல்லதாப் போச்சு.

அப்பா, 12:59
இந்தத் தகவல் நீக்கப்பட்டது

வக்கீல் மாமா, 1:06
பெரிய மச்சான், ஒன்னு மட்டும். ஒத்துக்கிட்டா வாய்ப்பேச்சோட விட்றாதீங்க. தேதி போட்ட செக் மூணும், கம்பெனி சீலோட கையெழுத்துப் போட்ட கடிதமும் வாங்குங்க. ஃபுல் அண்ட் ஃபைனல் கடைசித் தவணை கணக்குல ஏறுன பிறகுதான். நடுவுல ஒன்னு தவறினா வட்டியோட முழுத் தொகையும் கேப்போம்னு அதுலயே ஒரு வரி வரணும்.

பெரியப்பா, 1:09
சரிங்க. ஜூலை 10 வரைக்கும் எனக்கு டைம் குடுங்க. அதுக்குள்ள முடியலைன்னா நானே வந்து கூட நிக்கறேன்.

அண்ணன், 1:12
ஜூலை 10 ஓகே பெரியப்பா. ஆனா நோட்டீஸ் இந்த வாரமே போகோணும்.

வக்கீல் மாமா, 1:14
நோட்டீஸ் புதன்கிழமைக்குள்ள ரெடி பண்றேன். ஜூலை 11ல சமாதான்ல ஏத்துவோம், ஆகஸ்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கண்ணு, ஒவ்வொரு பில்லுக்கும் பிஓ, டெலிவரி சலான், இ-வே பில், அவன் ஆளு கையெழுத்து இருக்கான்னு பாத்து ஒரே ஃபைலா வை. பில்லுக்கு மதிப்பு அவன் வாங்கினதுக்கு சாட்சி இருந்தாத்தான்.

நான், 1:20
2023ல இருந்து எல்லாம் ஸ்கேன் பண்ணி இருக்கு. 2022 சலான் புக் பழைய ஷெட்டுல கிடக்கு. அண்ணா, ஷெட்டு சாவி எங்க?

அண்ணன், 1:21
செக்கிங் அக்காகிட்ட இருக்கும். நாளைக்குக் காலைல வாங்கித் தர்றேன்.

கோமதி அத்தை, 1:23
எல்லாரும் சாப்பிட்டீங்களா?