எம்சிபி3208: இரண்டாம் சுற்றிலிருந்து சேனல் 0 மட்டும் 0 காட்டுகிறது

கேள்வி (கிருஷ்ணகிரி):
மாம்பழக்கூழ் ஆலையில் 8 இடத்து வெப்பநிலையைப் பதிய ஒரு பெட்டி. ராஸ்பெரி பை 4 (சிறு கணினி), எம்சிபி3208 (அனலாக் அளவை எண்ணாக்கும் 8 சேனல் சிப்), இரண்டுக்கும் இடையே எஸ்பிஐ (தொடர் இணைப்பு) 1 மெகாஹெர்ட்ஸ், சொந்தக் கர்னல் டிரைவர். சேனலுக்கு 3 பைட். சேனலுக்கு ஒன்றாக 8 டிரான்ஸ்ஃபரும் ஒரே மெசேஜில் (ஒரே தொகுப்பாக). முதலில் சேனல் 0 மட்டும் சரி, மற்ற ஏழும் 0. லூப்பில் எல்லாவற்றுக்கும் சிஎஸ்_சேஞ்ச் (டிரான்ஸ்ஃபர் முடிவில் சிஎஸ் கோட்டை என்ன செய்வது என்று கர்னலுக்குச் சொல்வது) = 1 போட்டதும் ஏழும் சரியாகிவிட்டன. ஆனால் இப்போது சேனல் 0 முதல் சுற்றோடு சரி, பிறகு 0தான். சீசன் தொடங்கிவிட்டது, உதவுங்கள்.

பதில் 1:
ஐசி போயிருக்கும், மாற்றிப் பாருங்க.

கேட்டவர்:
மாற்றியாச்சுங்க, அதேதான்.

பதில் 2 (தருமபுரி):
ஐசி மேல் பழி வேண்டாம். முதல் சுற்றில் எட்டும் சரியாக வருதே.

இந்தச் சிப்புக்கு ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் சிஎஸ் (சிப் செலக்ட், சிப்பைத் தேர்ந்தெடுக்கும் கோடு) மேலே போய்க் கீழே வரணும். வராவிட்டால் பழைய அளவையே கடைசி பிட்டிலிருந்து தலைகீழாக 11 பிட் தள்ளிவிட்டு, அப்புறம் வெறும் 0 அனுப்பும். அந்த 11 பிட்டும் முதல் பைட்டிலும் இரண்டாவதன் மேல் 3 பிட்டிலும் விழும். உங்க மாஸ்க் (கீழ் 12 பிட்டை மட்டும் எடுப்பது) அதைக் கழித்துவிடும். அதனால்தான் குப்பை எண் வராமல் சுத்தமான 0 வருது. ஆளை ஏமாற்றுவதே இதுதான்.

சிஎஸ்_சேஞ்சுக்கு இடத்தைப் பொறுத்து அர்த்தம் மாறும். நடு டிரான்ஸ்ஃபரில் 1 என்றால் சிஎஸ்ஸைக் கொஞ்சம் விட்டுப் பிடிக்கும். கடைசியில் 1 என்றால் நேர்மாறு: மெசேஜ் முடிந்தாலும் விடாது. சேனல் 7க்குப் பிறகு சிஎஸ் கீழேயே நிற்க, அடுத்த சுற்றின் சேனல் 0 அதில் மாட்டிக்குது.

லூப்பில் இப்படி மாற்றுங்க (ஐ என்பது சேனல் எண், கடைசியான 7க்கு மட்டும் 0 ஆகும்): சிஎஸ்_சேஞ்ச் = (ஐ < 7). சிப்புக்கு சிஎஸ் மேலே 500 நானோசெகண்ட் இருந்தால் போதும். கர்னல் இயல்பாகவே 10 மைக்ரோசெகண்ட் விடும். தனி டிலே வேண்டாம்.

லாஜிக் அனலைசரை (கோடு மேலே, கீழே போவதைக் காட்டும் கருவி) பையின் 24ஆம் பின்னில், அதாவது சிஎஸ் கோட்டில், வைங்க. ஒரு சுற்றுக்கு 8 பள்ளம் (சிஎஸ் கீழே இறங்கும் இடம்) தெரியணும், சுற்று முடிந்ததும் கோடு மேலே நிற்கணும்.

கேட்டவர்:
8 பள்ளமும் தெரியுதுங்க, சேனல் 0 இப்போ நிலையா இருக்கு. எஸ்பிஐ கடிகாரத்தை 2 மெகாஹெர்ட்ஸ் ஆக்கலாமா?

பதில் 2:
வேண்டாம். 2 என்பது 5 வோல்ட்டுக்கு, 2.7 வோல்ட்டில் 1தான். உங்களது 3.3. கூடவே சிப்பின் 10ஆம் பின்னிலிருந்து (சிஎஸ்) 3.3 வோல்ட்டுக்கு 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்க. பை எழுந்திருக்கும்வரை சிஎஸ் மிதக்காது.