பள்ளிச் சங்கத்துக்கு இரண்டு பிரதான் (தலைவர்), இரண்டு முத்திரை: என் பணிக்கொடைக்குக் கையெழுத்து போடுவது யார்?

கணக்கு டீச்சர், மேற்கு தில்லி

வணக்கம். சீக்கியக் கல்விச் சங்கம் ஒன்று நடத்தும் பள்ளியில் 26 வருடம் கணக்கு நடத்திவிட்டு, 2024 மார்ச் 31 அன்று ஓய்வு பெற்றேன். ஆகஸ்ட் வந்துவிட்டது. பணிக்கொடை இன்னும் வரவில்லை.

போன வாரம் அலுவலகத்துக்குப் போனேன். கணக்கர் மேஜை டிராயரைத் திறந்து இரண்டு கடிதங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே லெட்டர்ஹெட், மேலே ஒரே இக் ஓங்கார் என்ற சீக்கியச் சின்னம். ஒன்றில் வட்ட முத்திரை, ஊதா மை. மற்றொன்றில் நீள முத்திரை, நீல மை. இரண்டிலும் கையெழுத்துக்குக் கீழே "செயலாளர்". இவர் கடிதம் அவர் செயலாளர் இல்லை என்கிறது, அவர் கடிதம் இவர் இல்லை என்கிறது. இரண்டும் வங்கிக்கும் போயிருக்கின்றன. நீதிமன்ற உத்தரவு கொண்டுவாருங்கள் என்று வங்கி கணக்கை நிறுத்திவைத்துவிட்டது.

இது தொடங்கியது போன டிசம்பரில். குருபூரப் (குரு பிறந்தநாள் விழா) தோரணங்கள்கூட இன்னும் கழற்றாத பள்ளி ஹாலில் பொதுக்குழு கூடியது. தேநீர் ஏற்பாடு எங்கள் பொறுப்பு என்பதால் நானும் அங்கே இருந்தேன். தேர்தலுக்கு முந்தின மாதம் சேர்த்த ஆயுள் உறுப்பினர்களுக்கு ஓட்டு உண்டா இல்லையா என்று ஒருவர் எழுந்து கேட்டார். அரை மணி நேரத்தில் ஒரு தரப்பு எழுந்து போய், பிள்ளைகள் கீர்த்தன் பழகும் அறையில், ஆர்மோனியத்தை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுத் தனியாக ஒரு தேர்தலை நடத்தியது. அன்று மாலைக்குள் இரண்டு பிரதான், இரண்டு தீர்மானப் புத்தகம். இப்போது வழக்கு நடக்கிறது.

எனக்கு இரண்டு கேள்வி. பணிக்கொடையை யாரிடம் கேட்பது? இரண்டு தரப்புமே அன்று நடந்ததைப் பற்றி என்னிடம் பிரமாண வாக்குமூலம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? ராவல்பிண்டியிலிருந்து வந்து இறங்கிய குடும்பங்கள் தங்கள் கைக்காசில் கட்டிய பள்ளி இது. இரண்டு தரப்பிலும் என்னிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள். மனசு கேட்கவில்லை.

---

தீஸ் ஹசாரி வக்கீல்

டீச்சர், முதலில் பணம். அதற்கு அந்த வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. உங்களுக்குக் கடன்பட்டிருப்பது சங்கம், பிரதான் அல்ல. நீங்கள் ஓய்வுபெற்றபோது நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தில் ஆசிரியர்களும் வருவார்கள். 2009-இல் திருத்தம் கொண்டுவந்து, 1997-இலிருந்தே பொருந்தும் என்று ஆக்கினார்கள். உச்ச நீதிமன்றமும் 2022-இல் அதை உறுதி செய்துவிட்டது. கடைசி அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டையும் கூட்டி 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடக் கணக்கால் பெருக்குங்கள். உச்சவரம்பு 20 லட்சம். கணக்கு டீச்சருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

படிவம் 'ஐ'-யை நிரப்பி, ஆள் பெயர் எதுவும் போடாமல் "செயலாளர்" என்று சங்கத்தின் பதிவு முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையில் இதற்கென்று இருக்கும் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் படிவம் 'என்'. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சேரவேண்டிய நாளிலிருந்து 30 நாளில் கொடுத்திருக்க வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி. ஊழியரின் தவறால் தாமதம் என்றால்தான் வட்டியிலிருந்து தப்பலாம். பிரதான்கள் சண்டை போட்டது உங்கள் தவறில்லையே.

அப்புறம் வழக்கு. நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான்: சங்கப் பதிவாளரிடம் யார் முதலில் நிர்வாகிகள் பட்டியல் கொடுத்தார்களோ அவர்தான் நிர்வாகி என்று நினைக்கிறார்கள். 1860-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி வருடாவருடம் கொடுக்கும் அந்தப் பட்டியல் வெறும் பதிவுதான். யார் ஜெயித்தார் என்று தீர்மானிக்கும் அதிகாரம் தில்லியில் பதிவாளருக்கு இல்லை. உத்தரப் பிரதேசத்தில் 25-ஆம் பிரிவு என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதற்கென உள்ள அதிகாரி விசாரித்து முடிவு சொல்வார். இங்கே சிவில் நீதிமன்றம்தான். அங்கேயும் முதல் கேள்வி ஓட்டு எண்ணிக்கையாக இருக்காது. உறுப்பினர் பதிவேடாகத்தான் இருக்கும். அந்தப் புதிய ஆயுள் உறுப்பினர்களைச் சேர்த்த தீர்மானம் எங்கே, சந்தா ரசீது எந்தத் தேதி, விதிமுறைப்படி எத்தனை நாள் முன்னால் சேர்ந்திருக்க வேண்டும்? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

வாக்குமூலம்: யார் தட்டச்சு செய்து நீட்டினாலும் கையெழுத்து போடாதீர்கள். அன்று கண்ணால் பார்த்ததை இப்போதே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். நீதிமன்றம் சம்மன் அனுப்பினால் போய் அதைச் சொல்லுங்கள்.

---

மொகாலிவாசி

குருத்வாரா உலகத்தில் தேர்தல் வழக்கு எவ்வளவு இழுக்கும் என்பதை இங்கே பஞ்சாபில் பக்கத்திலிருந்து பார்த்தவன். பஞ்சாப் குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டிக்கு 2011 செப்டம்பரில் தேர்தல் நடந்தது. முடி வெட்டிக்கொள்ளும் சஹஜ்தாரி சீக்கியர்களுக்கு ஓட்டு உண்டா என்ற வழக்கில் அந்தப் புதிய பொதுக்குழுவே 2016 வரை செயல்பட முடியவில்லை. பழைய செயற்குழுதான் கல்லூரிகள், பள்ளிகள் உட்பட எல்லாவற்றையும் ஓட்டியது. கடைசியில் நாடாளுமன்றம் 2016-இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. பாருங்கள், அங்கேயும் பிரச்சினை யார் வாக்காளர் என்பதுதான்.

தில்லி குருத்வாரா கமிட்டிக்காவது 1971-இல் தனிச் சட்டம் போட்டார்கள். 46 பேர் தேர்தலில், 9 பேர் நியமனத்தில். உறுப்பினராக குர்முகி (பஞ்சாபி எழுத்து) எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. 2021-இல் அந்தக் கமிட்டியின் தலைவராக இருந்த மஞ்சிந்தர் சிங் சிர்சா விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது அந்த விதியால்தான். உங்கள் பள்ளி மாதிரி தனிச் சங்கங்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது, அவரவர் விதிமுறைப் புத்தகம்தான் சட்டம். அதன் நகலைப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி யாரும் வாங்கலாம். நீங்களும் ஒன்று வாங்கி வையுங்கள்.

---

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, ஆர்.கே.புரம்

வக்கீல் விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன். சங்கம் வேறு, பள்ளியின் நிர்வாகக் குழு வேறு. 1973-ஆம் ஆண்டு தில்லி பள்ளிக் கல்வி விதிகளில் 59-ஆவது விதி என்று நினைவு. பள்ளிக் குழுவில் தலைமையாசிரியர், ஆசிரியர் பிரதிநிதிகள் இரண்டு பேர், பெற்றோர் ஒருவர், கல்வித் துறை நியமிக்கும் ஆட்கள் எல்லாரும் உண்டு. சங்கத்தில் சண்டை என்பதற்காக இந்தக் குழு கூடாமல் இருக்க வேண்டியதில்லை. ஆசிரியர் பிரதிநிதிகளிடம் சொல்லிக் கூட்டச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தேர்வுப் பதிவு இதோ வரப்போகிறது. அதற்குக் கையெழுத்து போட வேண்டியவர் தலைமையாசிரியர், பிரதான் இல்லை. உங்கள் தலைமையாசிரியையை இரண்டு தரப்பும் இழுக்காமல் பார்த்துக்கொண்டாலே பெரிய உதவி.

---

கணக்கு டீச்சர், மேற்கு தில்லி

எல்லாருக்கும் நன்றி. படிவத்தை இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன், ரசீதைப் பைலில் வைத்துவிட்டேன். நோட்டில் எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அன்று வருகைப் பதிவேடு ஹால் வாசலில் தேநீர் மேஜைமேல்தான் இருந்தது. பிரிந்து போவதற்கு முன் இரண்டு தரப்புமே அதே புத்தகத்தில்தான் கையெழுத்து போட்டார்கள். அது இப்போது பள்ளி அலமாரியில் இருக்கிறது, சாவி தலைமையாசிரியையிடம். வக்கீல் சார், அதை நீதிமன்றத்தில் ஒப்படைக்கிறேன் என்று அந்த அம்மா தானாகவே மனு கொடுக்கலாமா? நாளை அவரைப் பார்க்கிறேன்.