செங்கோட்டைத் தோட்டத்துக்கு ஆடிப் பட்ட விதையும் கொஞ்சம் ஆள் துணையும் வேண்டும்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் வழியில் தெரிந்தவர் ஒருவர் 8 சென்ட் நிலமும் கிணற்றுத் தண்ணீரும் தந்திருக்கிறார். பேருந்து நிலையத்திலும் ரயிலடியிலும் பல வருடம் படுத்துக் கிடந்து, இப்போது காப்பகத்தில் தேறிவரும் 6 பேர் அங்கே தோட்டம் போடுகிறார்கள்.

முதலில் சிறுகீரைதான் விதைத்தோம். 25 நாளில் பறித்துவிடலாம். நாளைக்கு எங்கே படுப்பது என்றே தெரியாமல் இருந்தவர்களுக்கு 25 நாள் காத்திருப்பது பெரிய விஷயம். ஒரு பெரியவர் விடியுமுன்னே எழுந்துபோய், முளை வந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சிலர் மனநல மாத்திரை சாப்பிடுகிறார்கள். குளோர்புரோமசின் போன்ற மாத்திரைக்கு வெயில் ஆகாது, தோல் எரியும்; காலையில் தூக்கக் கலக்கமும் இருக்கும். அதனால் மாலை 4 மணிக்கு மேல்தான் வேலை. யாரையும் வற்புறுத்துவதில்லை. வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரி.

ஆடிப் பட்டத்துக்கு நாட்டு வெண்டை, கத்தரி, அவரை விதை வேண்டும். பழைய மண்வெட்டி, களைக்கொத்து இருந்தாலும் கொடுங்கள். சாரல் பிடித்தால் நாற்று அழுகிவிடுகிறது. மேட்டுப்பாத்தி போடத் தெரிந்தவர் ஒரு சனிக்கிழமை வந்து காட்டினால் புண்ணியமாகப் போகும்.

அப்புறம், அவர்களில் ஒருவர் கொல்லம் பக்கத்துக்காரர், மலையாளம் மட்டும்தான் பேசுவார். மலையாளம் தெரிந்த யாராவது வாரம் ஒருமுறை வந்து அவரோடு பேசிக்கொண்டிருக்க முடியுமா? விதையைவிட அதுதான் அவசரம். வருகிறவர்கள் தயவுசெய்து யாரையும் படம் எடுக்க வேண்டாம்.